நானூற்று எண்பது கிலோ சந்தேகம்

ருக்மணிக்கு லாரி பிடிக்கும். லாரியில் வருகிறவர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. சூளகிரியைத் தாண்டிக் கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், வெங்கடப்பனுடைய எடை மேடையில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை மிச்சம் இருந்தால்தான் ஆச்சரியம்.

மேடைமேல் வண்டி ஏறியதும் கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண்கள் கொஞ்சம் ஓடிவிட்டு நிற்கும். எண் பொய் சொல்லாது என்பது வெங்கடப்பனின் கொள்கை. அவர் மெஷின் வாங்கியவர், அப்படித்தான் சொல்வார். எண்ணைப் பொய் சொல்ல வைக்க எத்தனை வழிகள் உண்டு என்று ருக்மணியைக் கேட்க வேண்டும். காலி வண்டியை எடை போடும்போது கிளீனர் சீட்டுக்கு அடியில் மடங்கிப் படுத்திருப்பான். லோடு ஏற்றி வரும்போது அவனே எதிரில் டீக்கடையில் நின்று கையாட்டுவான். கழிவது அவன் உடம்பு எடை. லோடோடு வந்தபோது ததும்பிய தண்ணீர் டிரம், லோடு இறக்கித் திரும்பும்போது காய்ந்து கிடக்கும். கோயில் பிரசாதம் கொடுக்கிற சாக்கில் ஜன்னலை மறைத்து நின்றுகொண்டு, பின்சக்கரத்தை மேடை விளிம்புக்கு அரையடி வெளியே நிறுத்தியவரும் உண்டு. ருக்மணி பிரசாதத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டே வெளியே வந்து, சக்கரத்தை உள்ளே ஏற்றச் சொன்னாள்.

லாரிமேல் அவளுக்கு ஆசை வந்ததும் இந்தச் சந்தேகத்தின் வழியாகத்தான். ஒரு காலி வண்டி உண்மையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே அதிகமா குறைவா என்று சொல்ல முடியும்? அதைத் தெரிந்துகொள்ளப் போனவளுக்குப் புரிந்தது, அடிச்சட்டமான சேசிஸ் ஒரே கம்பெனியில் இருந்து ஒரே மாதிரி வந்தாலும் அதன்மேல் பாடி கட்டுகிற கை ஊருக்கு ஊர் வேறு என்பது. சங்ககிரியில் கட்டினால் கேபின் நெற்றி அகலமாக இருக்கும், ஓட்டுகிறவனுக்குப் பின்னால் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். கர்நாடகாவில் கட்டினால் மரத்தில் கஞ்சத்தனம் இருக்காது. தளத்துக்கு மத்தி மரப் பலகையை வரிசையாக இறக்கிவிடுவார்கள், வண்டி பிறக்கும்போதே கனமாகப் பிறக்கும். கேரளா வண்டியின் முகத்தில் ஒரு விரல் வைக்கக்கூட வர்ணம் இல்லாத இடம் கிடைக்காது. பஞ்சாப் வண்டி கிரீடம் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல் வரும், பின்னால் வெங்காயம் இருக்கும். இதெல்லாம் ருக்மணி சொல்வது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டால் மேடையைக் காட்டுவாள். பழைய வண்டிகளுக்கு மட்டும்தான் இந்த விசாரணை. கம்பெனியிலேயே கேபின் கட்டி வருகிற புது வண்டிகளுக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுவாள்.

ஆனால் ஒரு பெண்பிள்ளை வண்டியைச் சுற்றி வந்து, பலகையைத் தட்டிப் பார்த்து, குனிந்து அடிவயிற்றை எட்டிப் பார்த்து, நாலு பக்கமும் போட்டோ எடுத்தால் ஓட்டுகிறவன் என்ன நினைப்பான்? தவணை கட்டாத வண்டியைப் பிடித்துக் கொடுக்கும் பைனான்ஸ் கம்பெனி ஆள் என்றுதான் நினைப்பான். திருச்செங்கோட்டு டிரைவர் ஒருவர் அவள் போட்டோ எடுப்பதைப் பார்த்துவிட்டு, எடைச் சீட்டைக்கூட வாங்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வண்டிக்கு வயது முப்பத்தெட்டு. எந்தப் பைனான்ஸ் கம்பெனியும் அதைப் பிடிக்க ஆசைப்படாது. ஆனாலும் போனார்.

வீட்டிலும் கதை அதுதான். அவள் கணவன் முனிவேல் ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவன், சந்தேகத்தில் மனைவிக்கு இளைத்தவன் இல்லை. அவள் போனில் மூவாயிரம் லாரிப் படங்கள் இருப்பதை ஒருநாள் கண்டுபிடித்து, உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். ஒரு படத்திலும் ஆள் இல்லை. டிரைவர் குறுக்கே நின்றால் நகரச் சொல்லிவிட்டு எடுப்பது அவள் வழக்கம். ஏதாவது ஒரு மீசை தெரிந்திருந்தால் அவன் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். யாருமே இல்லை என்பதுதான் அவனை உறுத்தியது. இவ்வளவு ஜாக்கிரதையாக ஒருத்தி ஆட்களை மறைக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று வெகுநாள் யோசித்தான்.

அந்த லாரி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு. மாங்காய் சீசன் முடிந்து ரோடு காலியாக இருந்த நேரம். எஞ்சின் சத்தத்திலேயே ருக்மணி எழுந்து நின்றுவிட்டாள். மூக்கு வைத்த பழைய டாடா பென்ஸ் வண்டி. ஐம்பது வருஷத்துக்குக் குறையாது. முகப்பு விளக்குகளுக்கு மேலே கையால் தட்டி வளைத்த தகரப் புருவம். கேபின் நெற்றி பாயை விரித்ததுபோல் அகலம். கதவில் மரச்சட்டம். நம்பர் பிளேட்டில் பழைய காலத்து மூன்றெழுத்து. அவள் பதினேழு வருஷத்தில் இப்படி முழுசாக ஒன்றைப் பார்த்ததில்லை. பார்த்தவையெல்லாம் ஒன்று கேபின் மாறியவை, இல்லையென்றால் சரக்கு ஏற்றும் தொட்டி மாறியவை.

ஓட்டி வந்தவன் பெயர் மணிகண்டன். நாற்பது வயதிருக்கும், ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். வண்டி அவன் அப்பாவுடையது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது, வண்டி அதற்கு முன்பே நின்றுவிட்டது. எடை மேடைக்குப் பின்னால் உள்ள இரும்புக்கடையில் உடைக்கக் கொண்டுவந்திருந்தான். கடைக்காரன் தினேஷ்குமார் எடைச் சீட்டு இல்லாமல் எதையும் தொட மாட்டான். மதியச் சாப்பாடு முடிந்து ரெண்டு மணிக்கு கேஸ் கட்டர் ஆட்கள் வருவார்கள், நாலு மணிக்குள் வண்டி துண்டு துண்டாகிவிடும் என்று மணிகண்டனே சொன்னான். முடி வெட்டிக்கொள்ள வந்தவன் சொல்வதுபோல் சொன்னான்.

நாலு மணிக்கு இந்தப் புருவம் இருக்காது, இந்த நெற்றி இருக்காது. வண்டி மேடையில் நின்றிருந்தது, எண்ணும் ஓடி நின்றிருந்தது, பொத்தானை அழுத்தினால் சீட்டு வந்துவிடும். ருக்மணி அழுத்தவில்லை. பிரிண்டர் மக்கர் பண்ணுகிறது, கொஞ்சம் இரு என்றாள். அந்த மேடையில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். நாலு பக்கமும் படம் எடுத்து, தான் இருந்த பழைய லாரி ரசிகர்களின் வாட்ஸாப் குழுவில், முழுக்க முழுக்க அசல் சங்ககிரி பாடி, இன்று உடைக்கப் போகிறார்கள், யாராவது காப்பாற்ற முடியுமா என்று போட்டாள். பாலக்காட்டில் இருந்து ஒருவர் அழுகிற பொம்மை அனுப்பினார். நாமக்கல்லில் இருந்து இருவர் கும்பிடுகிற கை அனுப்பினார்கள். தும்கூர்க்காரர் ஒருவர் இது சங்ககிரிதானா என்று சந்தேகம் கேட்டார்.

அப்புறம்தான் அவள் எண்ணை ஒழுங்காகப் பார்த்தாள். ஐயாயிரத்து அறுநூற்று முப்பது.

அந்த வருஷத்து மூக்கு வண்டி, சங்ககிரி கேபின், பதினேழு அடித் தொட்டி என்றால் ஐயாயிரத்து நூற்றைம்பதைத் தாண்டக் கூடாது. டீசல் டாங்க் நிறைந்திருந்தாலும், ஸ்டெப்னி டயர் இருந்தாலும், ஆள் உட்கார்ந்திருந்தாலும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. இங்கே டாங்கில் கால்வாசி டீசல்கூட இல்லை, ஸ்டெப்னி இல்லை, ஆள் கீழே நிற்கிறான். மிச்சம் நானூற்று எண்பது கிலோ எங்கிருந்து வந்தது? இரும்புக்குக் கொடுக்கிறவர்கள் மண் மூட்டை ஒளித்து வைப்பது உண்டுதான். சீட்டைத் தூக்கிப் பார்த்தாள், டூல் பாக்ஸைத் திறந்தாள், ஒன்றும் இல்லை. கீழே குனிந்து பார்த்தாள். மண்ணும் பழைய எண்ணெயும் அப்பிய பலகை தெரிந்தது. மேலே ஏறிப் பார்த்தாள். இரும்புத் தகடு அடித்த தளம். பின்கதவுப் பக்கம் நின்று கையை வைத்து அளந்தாள். தளம் இருக்க வேண்டிய உயரத்துக்கு மேலே நாலு விரல் தூக்கி நின்றது.

கீழே இருந்து பார்த்தால் பலகை, மேலே இருந்து பார்த்தால் தகடு. நடுவே என்ன?

எல்லையோரம் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் தெரியும். கர்நாடகாவில் இருந்து எதெல்லாம் இங்கே வரக் கூடாதோ அதெல்லாம் லாரித் தளத்துக்கு அடியில் ரகசிய அறை கட்டித்தான் வரும்; குட்காவோ சரக்குப் பாக்கெட்டோ, பத்திரிகையில் மாதம் ஒரு படம் போடுகிறார்கள். ருக்மணி இறங்கி வந்து மணிகண்டனிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"ஊத்தங்கரையில இரும்புக்கடை இல்லியா தம்பி? கிருஷ்ணகிரியில இல்லியா? அம்மாந்தூரத்துல இருந்து இங்க ஓட்டியாந்திருக்கே."

"இங்க ரேட்டு நல்லா தராங்கன்னு சொன்னாங்கக்கா."

"யாரு சொன்னாங்க?"

"பொதுவா சொன்னாங்க."

"டோல்கேட்டு வழியா வந்தியா?"

"இல்லக்கா, உள் ரோட்டுல வந்தேன்."

"ஏன்?"

மணிகண்டன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காத்தோட்டமா இருக்கும்னுதான்" என்றான்.

காற்றோட்டத்துக்காக எழுபது கிலோமீட்டர் கிராமத்து ரோட்டில் கண்ணாடி இல்லாத லாரியை ஓட்டிவந்த மனிதனை ருக்மணி முதல் தடவையாகப் பார்த்தாள். அவன் நெற்றி முழுக்க வியர்வை. ரோட்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து எந்தப் பஸ் வந்து நின்றாலும் அவன் தலை அந்தப் பக்கம் திரும்பியது. யாருக்கோ பயப்படுகிறான் என்பதைக் கண்டுபிடிக்க எடை மேடை தேவையில்லை.

வெங்கடப்பன் அப்போது பின்பக்கத் தோட்டத்தில் ரோஜாவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். ருக்மணி போய் விஷயத்தைச் சொன்னாள். நமக்கு வேண்டியது எடை மட்டும், எடைக்கு உள்ளே இருப்பது நமக்கு வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. "ஏம்மா ருக்மணி, மேடையில நிக்கிற வரைக்கும்தான் அது நம்ம லாரி. எறங்கிட்டா அது யாரோ" என்று அறிவுரையும் சொன்னார். அவள் திரும்பி வந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில், சந்தேகப்படும்படியான வாகனங்களைக் கண்டால் தகவல் கொடுக்கவும் என்று போலீசார் ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பு இருந்தது. பதினேழு வருஷத்தில் அவள் சந்தேகப்படாத வாகனம் எது? இருந்தாலும் அந்த நம்பருக்கு அவள் போன் போட்டது அன்றைக்குத்தான். மணி ஒன்றரை.

எஸ்.ஐ. பிரியதர்ஷினி ரெண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டார். கூடவே திம்மப்பன் என்ற ஏட்டு. தகவல் உறுதியானதா என்று எஸ்.ஐ. கேட்டபோது ருக்மணி எண்ணைக் காட்டினாள், நாலு விரலைக் காட்டினாள், உள் ரோட்டைச் சொன்னாள். எஸ்.ஐ. மணிகண்டனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். அவன் வியர்வை சட்டை வரைக்கும் இறங்கியிருந்தது. அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. தினேஷ்குமார் கடையில் இருந்து கடப்பாரையும் ரெண்டு ஆட்களும் வந்தார்கள். மேடையில் நின்ற வண்டியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. பின்னால் எடைக்கு வந்த ஐந்தாறு லாரிகள் வரிசையில் நிற்பதும், போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் ஒவ்வொன்றாக வரிசையை விட்டு நழுவுவதும் நடந்தது.

தகட்டைப் பெயர்த்தார்கள். கீழே சாதாரணப் பலகை. பலகையைப் பெயர்த்தார்கள். திம்மப்பன் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார். கரையான் மண். எஸ்.ஐ. இன்னும் தோண்டச் சொன்னார். கரையான் மண்ணைக் கூடை கூடையாக வாரிக் கீழே கொட்டினார்கள். அடியில் இன்னொரு தளம் தெரிந்தது. கறுத்து இறுகிப்போன மத்திமரப் பலகைகள், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, ஆணி அடித்த இடம்கூடத் தெரியாமல். ஒரு பலகையில் சூட்டுக்கோலால் எழுதிய கன்னட எழுத்து. திம்மப்பன் துடைத்துவிட்டு வாசித்தார்: தும்கூர்.

ருக்மணி கூட்டத்தை மறந்து தொட்டிக்குள் ஏறி முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். வண்டி முதலில் அந்தப் பக்கத்து வண்டி. கர்நாடகாவில் கட்டி, அங்கே ஓடி, கைமாறி இந்தப் பக்கம் வந்திருக்கிறது. சங்ககிரிக்காரன் புது கேபின் கட்டிப் புதுத் தளம் போட்டிருக்கிறான். ஆனால் பழைய தளத்தைப் பார்த்ததும் அதைப் பெயர்க்க மனசு வராமல், அதன்மேலேயே கட்டையைக் குறுக்கே போட்டுத் தன் தளத்தை அடித்துவிட்டான். சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம். ஒரு ஊர்க்காரன் வேலைக்கு இன்னொரு ஊர்க்காரன் காட்டிய மரியாதையாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், இரு மாநிலத்துத் தளமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே லாரியில் இருப்பதை அவள் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஒரு பாடி ஒரு ஊர்க்காரனுடையதாகத்தான் இருக்கும் என்று பதினேழு வருஷமாக அடித்துப் பேசியவள் அவள்.

எஸ்.ஐ. கீழே இருந்து கேட்டார்.

"அப்ப குட்கா?"

"இல்லீங்க மேடம்."

"சரக்கு?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப என்னாத்துக்கும்மா எங்களக் கூப்ட்டீங்க?"

ருக்மணி மத்திப் பலகைமேல் வைத்த கையை எடுக்காமல், "கனமா இருந்துச்சுங்க மேடம்" என்றாள்.

பிரியதர்ஷினிக்குக் கோபம் வந்தது. வெய்யிலில் நின்று ஒரு கூடைக் கரையான் மண்ணைப் பறிமுதல் செய்ததாக யாரும் எழுத முடியாது. ஆனால் வந்த வேலை வீணாகக் கூடாது என்ற எண்ணம் உள்ளவர். மண்தான் என்றால் இந்த ஆள் ஏன் இப்படி வியர்க்கிறான் என்று மணிகண்டன் பக்கம் திரும்பினார். வண்டி யார் பெயரில்? அப்பா பெயரில். அப்பா? இறந்துவிட்டார். வாரிசு எத்தனை பேர்? மணிகண்டன் ரோட்டைப் பார்த்தான். மூன்றாவது தடவை கேட்டபோது, ஒரு அண்ணன் உண்டு, பெயர் செல்வம், அவருக்கு இது தெரியாது என்றான்.

அவன் கதை அவ்வளவுதான். அப்பா போனதில் இருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் அந்த வண்டியால் தகராறு. யார் நிலத்தில் நிற்பது, யார் நகர்த்துவது, யாருக்குச் சொந்தம். வண்டியை இல்லாமல் ஆக்கிவிட்டால் தகராறும் இல்லாமல் போகும் என்று தம்பி முடிவு செய்திருந்தான். அண்ணன் வெளியூர் கல்யாணத்துக்குப் போன சமயம் பார்த்து, யாரிடமோ பேட்டரி இரவல் வாங்கி, அண்ணனுக்குத் தெரிந்த இரும்புக்கடைகளையெல்லாம் தாண்டி, அண்ணனின் சிநேகிதர்கள் டீ குடிக்கிற டோல்கேட்டைத் தவிர்த்து, உள் ரோட்டில் வந்திருக்கிறான். ருக்மணியின் சந்தேகம் ஒவ்வொன்றும் சரி. பொருள்தான் வேறு.

எஸ்.ஐ. செல்வத்துக்குப் போன் போடச் சொன்னார். கல்யாண வீட்டில் இருந்து அவர் பஸ் பிடித்து ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார், நெற்றியில் சந்தனத்தோடு. ஸ்டேஷனில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. அண்ணன் தம்பி சண்டைக்கு எல்லா ஊரிலும் ஒரே பாடிதான். முடிவில், இருவரும் சேர்ந்து வாரிசுச் சான்றிதழோடு வந்து கையெழுத்துப் போடுகிறவரை வண்டியை உடைக்கக் கூடாது, ஸ்டேஷன் வளாகத்தில் நிற்கட்டும் என்று எழுதி வாங்கினார் எஸ்.ஐ. ரெண்டு மணிக்கு வர வேண்டிய கேஸ் கட்டர் வந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஆக, லாரி தப்பித்தது. யார் தப்பிக்க வைத்தது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தினேஷ்குமார் அன்று மாலையே சொன்னான்: அந்தம்மாவுக்கு ரெண்டு தளம் இருப்பது முதலிலேயே தெரியும், வண்டியை உடைக்க விடாமல் செய்ய நாடகம் ஆடினாள். பிரிண்டர் ரிப்பேர் என்றாளே, அதே பிரிண்டரில் அடுத்த வண்டிக்குச் சீட்டு வந்ததே, எப்படி? வெங்கடப்பன் அதை நம்பவில்லை, ஆனால் நம்பாததுபோல் காட்டிக்கொள்ளவும் இல்லை. போலீஸ் எடை மேடை என்று பெயர் வந்துவிட்டதில் வாரத்துக்கு முப்பது வண்டிகள் அடுத்த மேடைக்குப் போய்க்கொண்டிருந்தன. அது அவரை ரோஜாவைவிட அதிகம் வாட்டியது.

முனிவேல் நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது கேட்டான்.

"நெஜத்தச் சொல்லு. தெரிஞ்சுதான பண்ணினே?"

"தெரிஞ்சிருந்தா குரூப்புல சங்ககிரின்னு போட்டிருப்பேனா? தும்கூர்க்காரர் இப்ப என்னைக் கிழிச்சுத் தொங்க விடறாரு."

முனிவேல் மோரை ஊற்றிக்கொண்டே, "அப்பிடிச் சொல்லிக்கணும்னுதான் போட்டிருப்ப" என்றான்.

ருக்மணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முதலில் வந்தது எது, எடையா ஆசையா என்று அவளே தனக்குள் பலமுறை விசாரணை வைத்துப் பார்த்துவிட்டாள். பிரிண்டர் பொய் எடைக்கு முன்னால் வந்தது. அது உறுதி. எண்ணில் தப்பு இருப்பதைக் கண்ணால் பார்த்தபோது வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அதுவும் உறுதி. எண் சரியாக இருந்திருந்தால், வேறு எதிலாவது ஒரு தப்பைக் கண்டுபிடித்திருப்பாளோ? மற்றவர்களாக இருந்தால் ரெண்டு கேள்வியில் பிடித்துவிடுவாள். தன்னைப் பிடிக்க முடியவில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு காலையில் செல்வமும் மணிகண்டனும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து என்றால் ஒரே பைக்கில். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்தாகிவிட்டது, ஒரு மெக்கானிக் அதை ஓட்டி வருகிறான் என்றார்கள். பின்னால் இரும்புக்கடையில் தினேஷ்குமார் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். இந்தத் தடவை வாரிசுச் சான்றிதழ் உண்டு, அண்ணன் தம்பி ஒற்றுமை உண்டு, சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. இனி பிரிண்டரும் உதவாது.

ஆனால் அவர்கள் கண்ணாடி அறைக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். செல்வம்தான் ஆரம்பித்தார்.

"அதுல என்னாம்மா இருக்குது?"

"எதுல?"

"வண்டியிலதான். சும்மா ஒரு வண்டிக்கு யாராவது போலீசக் கூப்புடுவாங்களா? மூணு வாரமா ரெண்டு பேரும் ரோசன பண்ணிட்டுத்தான் வந்திருக்கோம்."

ருக்மணிக்கு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. ஆறு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத அண்ணனையும் தம்பியையும் ஒரே பைக்கில் ஏற்றியது அவள்மேல் அவர்களுக்கு இருந்த சந்தேகம். வண்டியில் ஏதோ மதிப்பு இருக்கிறது, இவளுக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை. தெரிகிறவரை உடைக்கக் கூடாது. சும்மா தலையாட்டினால் போதும், லாரி பிழைத்துக்கொள்ளும். ருக்மணியால் முடியவில்லை. ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிற உத்தியோகத்தில் இருந்துகொண்டு ஒரு பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

"ஒன்னுமே இல்லீங்கண்ணா. ரெண்டு தளம் இருக்குது. ஒன்னு அந்தப் பக்கத்து வேலை, ஒன்னு நம்ம பக்கத்து வேலை. பார்க்கறதுக்கு நல்லாருக்கும். அவ்ளோதான்."

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பார்க்கறதுக்கா?" என்றான் மணிகண்டன்.

"ஆமா."

"மரத்துல ஏதாச்சும்?"

"வெறும் மத்தி மரம். வெட்டி வித்தாலும் ஒன்னும் தேறாது. கரையான் அரிச்சதுபோக மீதி."

மறுக்க மறுக்க அவர்கள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. இவ்வளவு மறைக்கிறாள் என்றால் எவ்வளவு இருக்க வேண்டும்? ருக்மணியே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பாள். மறுப்பதை விட்டுவிட்டு, வண்டி வருகிறதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

வண்டி வந்தது. ஊருக்குப் போகும் முன் ஒரு எடை போட்டுவிடலாம் என்றார் செல்வம். மேடையில் ஏற்றினார்கள். எண் ஓடி, ஐயாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறில் நின்றது. பெயர்த்த பலகையைத் திரும்ப அடித்தாகிவிட்டது, தகட்டையும் போட்டாகிவிட்டது. அன்றைக்கு ஐயாயிரத்து அறுநூற்று முப்பது இருந்த வண்டி.

"நாப்பது கிலோ எங்க?" என்றார் செல்வம்.

கரையான் மண், டீசல் என்று ருக்மணி சொன்னாள். மண்ணை வாரிக் கொட்டிய இடத்தைக்கூடக் காட்டினாள். செல்வம் அந்த இடத்தைப் பார்த்தார், அப்புறம் ஸ்டேஷன் இருக்கிற திசையைப் பார்த்தார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரும்புக்கடைப் பக்கம் வண்டி திரும்பவே இல்லை. தினேஷ்குமார் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.

வண்டி இப்போது ஊத்தங்கரைப் பக்கம், அண்ணன் நிலத்துக்கும் தம்பி நிலத்துக்கும் நடுவரப்பில், மேலே புதுத் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. தொட்டிக் கதவுக்கு ரெண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. மழைத் தண்ணீர் அடியில் நிற்கக் கூடாது என்று நாலு பக்கமும் கல் கட்டி உயர்த்தியிருக்கிறார்கள். எந்த அருங்காட்சியகமும் இவ்வளவு பத்திரமாக ஒரு பழைய லாரியைப் பார்த்துக்கொள்ளாது. இதையெல்லாம் மணிகண்டனே ஒருநாள் போனில் சொன்னான். அவளிடம் ஏதாவது பிடுங்க முடியுமா என்று பேச்சுக் கொடுக்கத்தான் அவ்வப்போது கூப்பிடுகிறான்.

ருக்மணி ரெண்டு வாரம் யோசித்துவிட்டு, வெட்கத்தை விட்டுச் செல்வத்துக்குப் போன் செய்தாள். வர்ற ஞாயிற்றுக்கிழமை லீவுதான், அந்தப் பக்கம் வந்தால் வண்டியை ஒருதடவை பார்த்துவிட்டுப் போகலாமா, தளத்தைத் திறக்க வேண்டாம், வெளியில் நின்று பார்த்தால் போதும் என்றாள்.

செல்வம் கேட்டார்:

"எதுக்கு?"